பார்த்தவருக்கே முதல் வாய்

ஒரு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாத தங்கை, அண்ணன் தன் தோட்ட வீட்டுக்கு வரச்சொல்லிப் போனில் கூப்பிட்டதும் "வரேன்" என்று ஒரே சொல்லில் ஒப்புக்கொண்டதைப் போன வாரம் பார்த்தோம். அத்தனை சுலபமாகக் கிடைத்த சம்மதத்தைக் கேட்டு அண்ணன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. அவன் பல் டாக்டர். மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவன்.

போன வசந்தத்தில் இதே தோட்ட வீட்டில் நடந்த விருந்து யாருக்கும் மறந்திருக்காது. காட்டுக் காளான் சாப்பிட்ட விருந்தாளிகள் அன்றிரவே சுருண்டு விழுந்தார்கள். அவர்களில் ஒருத்தியான, ஹோட்டல் நடத்தும் அம்மாவின் கணவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "சின்னு பறிச்ச கூடை அது" என்று தங்கையைக் காட்டினாள் அண்ணி. உண்மையில் அது அண்ணியின் கூடை. அண்ணனுக்கு அது தெரியும். தெரிந்தும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

ஹோட்டல் அம்மாவின் சமையலறையில் காய்கறி, கீரை, காளான் எல்லாம் பார்த்து வாங்கும் பொறுப்பு சின்னுவுடையது. மறுநாளே வேலை போயிற்று. "அவ கையை நம்ப முடியாது" என்ற பேச்சு, அவள் வேலை கேட்டுப் போன ஒவ்வொரு சமையலறைக்கும் அவளுக்கு முன்பாகவே போய்ச் சேர்ந்திருந்தது. இப்போது ஒரு சலவைக் கடையில் ஊரார் சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறாள்.

அந்தச் சின்னுதான் சனிக்கிழமை காலை, தோட்ட வீட்டின் வாசலில் மெத்தைகளைக் கம்பியில் தொங்கவிட்டுப் பிரம்பால் அடித்துக்கொண்டிருந்தாள்.

குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீடு. ஜன்னல்களைத் திறந்ததும் எலிப் புழுக்கையும் பழைய கம்பளியும் கலந்த வாடை வெளியே வந்தது. அண்ணி விடியும் முன்பே எழுந்து வேலைகளைப் பிரித்துவிட்டாள். மெத்தை அடிப்பது, குளியலறை தேய்ப்பது, அடுப்புச் சாம்பல் அள்ளுவது சின்னுவுக்கு. கூரை ஓரத்து வாய்க்காலில் அடைத்த இலைகளை வாருவது அண்ணனுக்கு. பூ ஜாடி அண்ணிக்கு.

"நம்ம வீட்டுப் பொண்ணுங்கற உரிமையிலதான் சொல்றேன் சின்னு, தப்பா எடுத்துக்காதே" என்றாள் அண்ணி, குளியலறை பிரஷைக் கையில் கொடுத்து.

"தப்பா எடுத்துக்க என்ன இருக்கு அண்ணி? தேய்க்கற வேலைதானே. பழகிப்போச்சு."

அண்ணிக்கு அந்தப் பதில் சரியாகச் செரிக்கவில்லை. ஆனாலும் சிரித்தாள். அவள் சமையல் வகுப்பு நடத்துகிறவள். எது வெந்தது, எது வேகவில்லை என்று கண்ணாலேயே சொல்லிவிடுவதாக அவளுக்கு ஒரு பேர் உண்டு.

குளியலறையைக் கண்ணாடி மாதிரி தேய்த்து வைத்துவிட்டு சின்னு வெளியே வந்தபோது, அண்ணன் ஏணியின் உச்சியில் நின்று, ஊறிப்போன இலைக் குப்பையைக் கையால் அள்ளிக் கீழே எறிந்துகொண்டிருந்தான். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ வந்தது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?" என்றான் மேலிருந்தே.

"எதுக்கு நிம்மதி?"

"சும்மாதான். குடும்பம்னா இப்படித்தானே இருக்கணும். பழசை எல்லாம் மனசுல வெச்சுக்கிட்டு..."

"எந்தப் பழசுண்ணா?"

ஒரு பிடி இலை தொப்பென்று விழுந்தது.

"நீயே சொல்லு. எனக்கு மறந்துபோச்சு" என்றாள் சின்னு.

"ஏணியை ஆட்டாதே."

"நான் ஆட்டலை. உன் கால்தான் ஆடுது."

அவன் இறங்கி வந்து, சேறு படிந்த கையை வெகுநேரம் குழாயடியில் கழுவினான். அவள் தோள்மேல் துண்டை வைத்துக்கொண்டு காத்து நின்றாள். சொல்வதற்கு அவனுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. துண்டை வாங்கித் துடைத்துக்கொண்டு, "டீ இருக்கா?" என்று கேட்டான்.

சின்னு அந்த நிமிடத்தில்தான் முடிவு செய்தாள்.

வீட்டுக்குப் பின்னால் வேலி தாண்டினால் காடு. குளிர் விட்டு முதல் மழை பெய்த பிறகு, பட்டுப்போன மரங்களின் அடியில் தேனடை முளைக்கும். அவர்கள் வீட்டில் வைத்த பெயர் அது. தொப்பி முழுக்கத் தேனடை போலக் குழி குழியாக இருக்கும் காளான். நெடுக்கில் பிளந்தால் தலையிலிருந்து கால்வரை உள்ளே ஒன்றுமே இருக்காது, வெறும் குழாய். அதற்கு விஷமுள்ள ஒரு போலி உண்டு. மூளையன் என்பார்கள். குழிக்குப் பதில் மடிப்பு மடிப்பாகச் சுருண்டிருக்கும். பிளந்தால் உள்ளே பஞ்சு அடைத்த மாதிரி வெள்ளையாக இருக்கும். நன்றாக வளர்ந்துவிட்டால் வித்தியாசம் தெரியும். சிறியதாக இருக்கும்போது, இலைச் சருகின் நடுவில், ஆசையோடு தேடுகிற கண்ணுக்குத் தெரியாது.

அதனால்தான் அம்மா காலத்திலிருந்து அந்த வீட்டில் ஒரு கட்டுப்பாடு. பறித்தவர் தன் கூடையைத் தானே பார்க்கக் கூடாது. வேறொருவர் வெளிச்சத்தில் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொன்றாகப் பிளந்து பார்க்க வேண்டும். பார்த்தவர்தான் மேஜையில் முதல் வாய் சாப்பிட வேண்டும். அவர் விழுங்கும்வரை மற்றவர்கள் கரண்டியைத் தொடக் கூடாது.

அண்ணி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பறிப்பாள், சின்னு பார்ப்பாள். அண்ணி கூடையில் வந்த மூளையன்களை சின்னு சத்தமில்லாமல் எடுத்து வேலிக்கு அப்பால் வீசிவிடுவாள். புதுசாக வந்தவளைக் குத்திக்காட்ட வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான். அந்த நல்லெண்ணம் செய்த வேலை, அண்ணி தன் கண் தவறுவதே இல்லை என்று வருடக்கணக்காக நம்பியது. ஏன் பிளக்கிறார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியாது. உள்ளே இருக்கும் எறும்பைக் கழுவுவதற்கு என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்துவந்தாள். போன வருடம் விருந்தாளிகள் சீக்கிரம் வந்துவிட, பார்க்காமலே கூடையை வாணலியில் கொட்டினாள்.

இப்போது காட்டுக்குள் அண்ணி முன்னால் போனாள். கையில் கூடை, காலில் புது பூட்ஸ்.

"ஹோட்டல் மேடம் மதியம் வராங்க. எல்லாம் பேசியாச்சு. சீசன் முழுக்க வாராவாரம் இங்கே காட்டு விருந்து. ஹோட்டல் விருந்தாளிகள் வருவாங்க, என் சமையல். உனக்கும் ஏதாவது பண்ணலாம்னு இருக்கேன்."

"என்ன பண்ணலாம்?"

"பின்பக்கமா உதவிக்கு இரு. கூடை பாக்கறது, பாத்திரம், அந்த மாதிரி. மேடம் கண்ணுல மட்டும் இப்போதைக்குப் படாதே. உன்னைப் பாத்தா அவங்களுக்கு அந்த ஞாபகம் வரும் பாரு."

"எந்த ஞாபகம்?"

"அதான்..." என்று இழுத்த அண்ணி, ஒரு மரத்தடியில் குனிந்து சட்டென்று உட்கார்ந்தாள். "ஆஹா! இங்கே பாரு, எவ்வளவு கிடக்கு!"

சின்னு பார்த்தாள். சருகை விலக்கிக்கொண்டு நின்ற கூட்டத்தில் தேனடைகள்தான் அதிகம். ஓரத்தில், செம்பழுப்பு நிறத்தில், சுருண்டு சுருண்டு சில மூளையன்கள். அண்ணியின் கத்தி எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. வரிசையாக அறுத்தது, வரிசையாகக் கூடையில் போட்டது.

இந்த இடத்தில் சின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போய், தொட்டால் அரிக்கும் இளங்கீரையின் கொழுந்துகளைக் கையுறை போட்டுக்கொண்டு கிள்ளினாள்.

"நீ காளான் பறிக்கலையா?" என்று அண்ணி கேட்டாள்.

"என் கை ராசி இல்லாத கை அண்ணி."

ஹோட்டல் அம்மா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள். கார் வாசலில் நின்றபோது அண்ணி தலைமுடியில் சருகோடு முற்றத்தில் நின்றாள். சின்னு பின்பக்கம் போகவில்லை. வாசல் மேஜையின் மேல் வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டிருந்தாள்.

ஹோட்டல் அம்மா ஒல்லியான பெண், அதிகம் பேசாதவள். சின்னுவைப் பார்த்ததும் கார் கதவைச் சாத்தாமலே நின்றாள்.

"இவ எதுக்கு இங்கே?"

"வீட்டு வேலைக்கு வந்திருக்கா மேடம்" என்று அண்ணி குறுக்கே வந்தாள். "இன்னிக்குக் காளான் முழுக்க நானே பறிச்சது. என் கையால. அதுல அவ விரல்கூடப் படலை."

"யார் பாத்தது?"

"அது... இனிமேதான்."

"போன தடவையும் பாத்தாச்சுன்னுதான் சொன்னீங்க. இந்தத் தடவை என் கண் முன்னாடி பாருங்க. அப்புறம் சாப்பாட்டைப் பத்திப் பேசலாம்."

அண்ணி சின்னுவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கட்டளையும் கெஞ்சலும் சரிபாதி இருந்தன. சின்னு தன் கைகளை முந்தானையில் துடைத்தாள்.

"நான் பாக்கக் கூடாது. என் கையை நம்ப முடியாதுன்னு மேடமே சொல்லியிருக்காங்க. பறிச்சவங்களும் பாக்கக் கூடாது, அது எங்க வீட்டு வழக்கம்." வீட்டுப் பக்கம் திரும்பினாள். "அண்ணா! கொஞ்சம் வா. கூடை பாக்கணும்."

அண்ணன் டீ கோப்பையோடு வந்தான். விஷயம் புரிந்ததும் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தான். சின்னு அதை வாங்கிக்கொண்டு, கையில் கத்தியைக் கொடுத்தாள்.

"எனக்கு இதெல்லாம் மறந்துபோச்சே சின்னு."

"அம்மா நம்ம ரெண்டு பேரையும் ஒண்ணாத்தானே உக்கார வெச்சுச் சொல்லிக்கொடுத்தாங்க? பிளந்து பாரு. ஞாபகம் வரும்."

அண்ணி அதற்குள் சமாளித்துக்கொண்டாள். "நீங்க பாருங்க. உள்ளே எறும்பு இருந்தா எடுத்துடுங்க, அவ்வளவுதான். மேடம், உள்ளே வாங்க, ஜூஸ் தரேன்." அவள் உள்ளே போனாள். ஹோட்டல் அம்மா போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அண்ணன் முதல் காளானைப் பிளந்தான். வெறும் குழாய். அடுத்ததும் அப்படியே. கொஞ்ச நேரம் கத்தி சீராகப் போயிற்று. பிறகு ஒரு இடத்தில் நின்றது.

பிளந்த இரண்டு பாதிகளும் துணியின் மேல் மல்லாந்து கிடந்தன. உள்ளே பஞ்சு.

அண்ணன் தலையைத் தூக்கித் தங்கையைப் பார்த்தான். சின்னு அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. இஸ்திரி போட்ட துணி மாதிரி மடிப்பில்லாமல் இருந்தது.

இப்போது அவனுக்கு எல்லாம் விளங்கியது. இது கெட்டது என்று சொன்னால், பறித்தது யார் என்று ஹோட்டல் அம்மாவுக்கு இப்போதுதான் சொல்லியாயிற்று. போன வருடக் கூடையும் யாருடையது என்று யோசிக்க அவளுக்கு ஒரு நிமிடம் போதும். சொல்லாவிட்டால், முதல் வாய் அவனுடையது. போன வருடம் அவன் பேசாமல் இருந்ததற்கு வேறொருத்தி வேலையை இழந்தாள். இன்றைக்குப் பேசாமல் இருந்தால் அவன் வயிறு. தங்கை அவனுக்காக அளவெடுத்துத் தைத்து வைத்திருந்த சட்டை அது.

"என்ன, நிறுத்திட்டீங்க?" என்றாள் ஹோட்டல் அம்மா.

"ஒண்ணுமில்லே. கத்தி மொண்ணையா இருக்கு."

"வேற கத்தி தரவாண்ணா?" என்றாள் சின்னு.

"வேண்டாம்."

அவன் மிச்சத்தையும் பிளந்தான். இன்னும் சில பஞ்சுகள். ஒன்றையும் ஒதுக்கவில்லை. எல்லாவற்றையும் துணியோடு சுருட்டி அண்ணியிடம் உள்ளே கொடுத்தான். "பாத்தாச்சு" என்றான்.

சின்னு இதை எதிர்பார்க்கவில்லை. உள்ளே போய் மனைவியிடம் தனியாகச் சொல்லிவிடுவான் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வெண்ணெய் உருகும் சத்தம்தான் வந்தது. அண்ணி ஒரு பாதியைத் தூக்கிப் பார்த்து, "இளசு பாருங்க, உள்ளே சதை கட்டியிருக்கு" என்று பெருமையாகச் சொன்னதும் கேட்டது. அண்ணன் குரல் கேட்கவே இல்லை.

பயந்தாங்கொள்ளி, மேஜையில் உளறிவிடுவான் என்று நினைத்துக்கொண்டாள். கரண்டியைத் தூக்குவதற்குள் வியர்த்துவிடும் அவனுக்கு.

மேஜையில் நான்கு தட்டுகள். நான்காவதைச் சின்னுவுக்காக ஹோட்டல் அம்மாதான் வைக்கச் சொன்னாள். காளான் வறுவலும், வேகவைத்த கீரையும், ரொட்டியும். நல்ல வாசனை. மூளையனுக்கும் நல்ல வாசனைதான்.

"எங்க வீட்டு வழக்கம் மேடம். பாத்தவர்தான் முதல்ல சாப்பிடுவார். அவர் சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் நாம கை வைக்கக் கூடாது" என்றாள் அண்ணி. ஒரு வருடமாக அவள் மறந்திருந்த வழக்கம் அது. "ம், சாப்பிடுங்க. எல்லாரும் உங்க வாயையே பாத்துக்கிட்டிருக்கோம்."

அண்ணன் கரண்டியைத் தூக்கினான். வியர்க்கவில்லை.

சின்னு மேஜைக்கு அடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். இப்போது சொல்வான். அவன் கரண்டி வாயருகே போயிற்று. இப்போதாவது சொல்வான். "வேண்டாம்" என்ற வார்த்தை அவள் தொண்டைவரை வந்தது. குழாயடியில் அவன் டீ கேட்டது நினைவுக்கு வந்தது. வந்த வார்த்தையை அவள் விழுங்கினாள்.

அவனும் விழுங்கினான்.

நிதானமாக மென்றுதான் விழுங்கினான். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கையை நீட்டி மற்ற மூன்று தட்டுகளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "நீங்க யாரும் இதைச் சாப்பிடாதீங்க" என்றான். தங்கையைப் பார்த்தான்.

"போதுமா சின்னு?"

"என்ன போதுமா? என்னங்க பேசறீங்க?" என்றாள் அண்ணி.

சின்னுவின் உதடுகள் வெளுத்திருந்தன. ஆனால் குரல் தணியவில்லை.

"போதாது. முழுங்கிட்டா சரியாப்போச்சா? சொல்லு. இவங்க முன்னாடி சொல்லு."

ஹோட்டல் அம்மா எழுந்துவிட்டாள். அண்ணன் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"போன வருஷம் அந்தக் கூடை சின்னுவோடது இல்லை. என் பெண்டாட்டி பறிச்சது. யாரும் பாக்கலை. எனக்கு அது அன்னிக்கே தெரியும். இன்னிக்கு இதுலயும் கெட்டது இருக்கு. பிளந்தப்பவே பாத்துட்டேன்."

அண்ணியின் வாய் திறந்தபடி நின்றது. அவளுக்குக் கோபம் வருவதற்கு முன் பயம் வந்துவிட்டது. கணவனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "தெரிஞ்சுமா சாப்பிட்டீங்க? துப்புங்க! ஐயோ, துப்புங்களேன்!"

"நீ சமைச்சதுதானே. நல்லாத்தான் இருந்துது" என்றான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

"உளறாதீங்க, எழுந்திருங்க" என்று ஹோட்டல் அம்மா கார் சாவியை எடுத்தாள். "என் வீட்டுக்காரருக்கும் மதியம் ஒண்ணும் தெரியலை. ராத்திரிதான் ஆரம்பிச்சுது. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கல்லீரல் போயிருக்கும்னாங்க. மிச்சக் காளானை எடுத்துக்குங்க, டாக்டர் கேப்பாங்க."

சின்னு தட்டுகளிலிருந்து மிச்சத்தை ஒரு டப்பாவில் சேர்த்தாள். எதில் பஞ்சு, எதில் வெறும் குழாய் என்று வெந்த பிறகும் அவள் விரலுக்குத் தெரிந்தது. பிரித்து வைத்தாள்.

அண்ணனைப் பின்சீட்டில் உட்காரவைத்து அண்ணி பக்கத்தில் ஏறிக்கொண்டாள். சின்னு முன்கதவைத் திறந்தபோது ஹோட்டல் அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"போன வருஷத்துக்கு நான் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். கேக்கறேன். உன் வேலை உனக்குத்தான். ஆனா ஒண்ணு கேக்கறேன். அவர் பிளந்தப்போ நீயும் பாத்தியா?"

"பாத்தேன்."

"சாப்பிட்டப்போ?"

"பாத்தேன்."

ஹோட்டல் அம்மா அவள் கையை விட்டாள். சுற்றிப் போய் வண்டியைக் கிளப்பினாள். வேலை என்ற சொல்லைக் கேட்பதற்காகத்தான் சின்னு ஒரு வருடம் காத்திருந்தாள். கேட்டுவிட்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. பின்சீட்டில் அண்ணன் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தபோதும் அந்தச் சந்தோஷம் போகவில்லை.

மண் பாதை தாண்டித் தார் ரோடு ஏறியதும் அண்ணி அழுகையை நிறுத்தினாள். முன்சீட்டின் மேல் சாய்ந்து, சின்னுவின் காதருகே பேசினாள்.

"இவருக்கு மட்டும் ஏதாவது ஆச்சு, நான் சும்மா இருக்க மாட்டேன். தெரிஞ்சும் வேடிக்கை பாத்தது நீதான்னு ஊர் முழுக்கச் சொல்லுவேன். ஒரு சமையலறைகூட உன்னை உள்ளே விடாது."

சின்னு திரும்பவில்லை. மடியில் இருந்த டப்பாவின் மூடியை இன்னும் ஒருமுறை அழுத்தி மூடினாள்.

"சொல்லுங்க அண்ணி. இந்தத் தடவை நிஜமாவே நான்தான்."